டிசம்பர் கடைசியில் ஜப்பான்: ஐந்து நண்பர்கள், இரண்டு ரசிகர் விழாக்கள்

கேள்வி: நாங்கள் கோவையைச் சேர்ந்த ஐந்து நண்பர்கள். கல்லூரிக் காலத்திலிருந்தே அனிமே, மங்கா (ஜப்பானிய அனிமேஷன், காமிக்ஸ்) என்றால் உயிர். வரும் டிசம்பரில் ஜப்பான் போய் ஜம்ப் ஃபெஸ்டா, குளிர்கால காமிக்கெட் என்ற இரண்டு ரசிகர் விழாக்களையும் பார்த்துவிட ஆசை. எங்களில் ஒருத்தி காஸ்பிளே, அதாவது கதாபாத்திரம் போல வேடமணிவது, செய்வாள். இருவர் சைவம். ஒருவனுக்கு விழாக்களில் ஆர்வமே இல்லை, ஊர் பார்க்க வருகிறான். விமான டிக்கெட்டில் இப்போது தள்ளுபடி இருக்கிறது. உடனே போட்டுவிடலாமா? எதை எந்த வரிசையில் செய்வது?

பதில்: டிக்கெட்டை இன்று போடாதீர்கள். முதலில் காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு ஐந்து பேரும் உட்காருங்கள். நீங்கள் சொல்லும் இரண்டு விழாக்களும் ஒரே வாரத்தில் வருவதில்லை. 2024இல் ஜம்ப் ஃபெஸ்டா டிசம்பர் 21, 22. காமிக்கெட் 29, 30. 2025இல் 20, 21; பிறகு 30, 31. நடுவில் ஒரு வாரம், சில ஆண்டுகளில் அதற்கும் மேல் இடைவெளி விழுகிறது. இரண்டும் வேண்டுமென்றால் ஏறக்குறைய இரண்டு வாரம் ஜப்பானில் இருக்க வேண்டும், அதுவும் அறை வாடகை உச்சத்தில் இருக்கும் ஆண்டிறுதியில். ஐந்து பேருக்கும் அவ்வளவு விடுப்பும் பணமும் இருக்கிறதா என்று ஒளிவுமறைவில்லாமல் பேசிவிடுங்கள். ஒருவர் தயங்கினாலும் ஒரு விழா போதும்.

ஒன்றுதான் என்றால் நான் காமிக்கெட்டைத்தான் சொல்வேன். ஜம்ப் ஃபெஸ்டா ஒரு பதிப்பகம் தன் வாசகர்களுக்கு நடத்தும் விழா. கட்டணம் இல்லை, ஆனால் நுழைவதற்குக் குலுக்கல் உண்டு. மேடை நிகழ்ச்சிகளுக்கு இடம் கிடைப்பதும் அதிர்ஷ்டம்தான், பேச்செல்லாம் ஜப்பானிய மொழியில் இருக்கும். காமிக்கெட் வேறு மாதிரி. 1975 டிசம்பர் 21 அன்று 32 ரசிகர் குழுக்களும் எழுநூறு பேரும் கூடித் தொடங்கிய சந்தை அது. 2019 குளிர்காலத்தில் நான்கு நாட்களில் ஏழரை லட்சம் பேர் வந்தார்கள். ரசிகர்கள் தாங்களே வரைந்து, தாங்களே அச்சடித்து, தாங்களே மேசை போட்டு விற்கும் தோஜின்ஷி புத்தகங்கள்தான் அங்கே மையம். வரைந்தவர் கையிலிருந்தே வாங்கும் அந்தச் சந்தோஷத்துக்கு ஜப்பானிய மொழி அதிகம் தேவைப்படாது.

அனுமதிச் சீட்டைப் பற்றி இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். காமிக்கெட்டில் முன்கூட்டி நுழைவு, காலை நுழைவு, மதிய நுழைவு என்று வகைகள் உண்டு. சீக்கிரம் நுழையும் சீட்டுக்கு விலையும் போட்டியும் அதிகம். முதல் முறை போகிறவர்களுக்கு மதியச் சீட்டே போதும் என்பது என் கருத்து. விடியலில் கடற்காற்றில் நிற்க வேண்டாம், போட்டியும் குறைவு. மிகப் பிரபலமான குழுக்களின் புத்தகங்கள் அதற்குள் தீர்ந்திருக்கும். ஆனால் அவற்றில் பலவும் மெலன்புக்ஸ் போன்ற கடைகளில் பின்னால் விற்பனைக்கு வரும். சிறிய குழுக்களின் மேசைகளில்தான் உண்மையான கண்டுபிடிப்புகள் இருக்கும், அங்கே மதியத்திலும் புத்தகம் இருக்கும். சீட்டு விற்கும் முறை விழாவுக்கு விழா மாறுகிறது. பழைய அனுபவக் குறிப்புகளை நம்பாமல் அந்தந்த முறைக்கான அதிகாரபூர்வ அறிவிப்பைப் படியுங்கள்.

குரல் நடிகர்களின் மேடை நிகழ்ச்சி, இசைக் கச்சேரி எதையாவது சேர்க்க நினைத்தால் இன்னும் கவனம் வேண்டும். ஜப்பானில் பெரும்பாலான டிக்கெட்டுகள் குலுக்கலில்தான் கிடைக்கும். பதிவு செய்யும்போது ஜப்பானியக் கைபேசி எண் கேட்பார்கள், உங்களிடம் அது இருக்காது. வெளிநாட்டு ரசிகர்களுக்குத் தனி விற்பனை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்த நிகழ்ச்சியை விட்டுவிடுங்கள். மறுவிற்பனைத் தளத்தில் மூன்று மடங்கு கொடுத்து வாங்காதீர்கள். 2019 ஜூன் முதல் டிக்கெட்டைக் கூடுதல் விலைக்குத் திரும்ப விற்பதைத் தடுக்கும் சட்டம் அங்கே அமலில் இருக்கிறது. சீட்டில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் வேறு பெயர் என்றால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். குலுக்கலில் சேரும்போது உடன் வருபவர் பெயரையும் கேட்பார்கள். அதனால் யாரும் யாரும் ஜோடி என்பதை அப்போதே முடிவு செய்ய வேண்டியிருக்கும். ஐந்தில் இருவருக்கு மட்டும் கிடைத்தால் அவர்கள் போகட்டும், மற்றவர்கள் வருத்தப்படக் கூடாது. இதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது விசா. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் சென்னையிலுள்ள ஜப்பான் துணைத் தூதரக எல்லைக்குள் வருகிறார்கள். விண்ணப்பம் விஎஃப்எஸ் என்ற விசா விண்ணப்ப மையம் வழியாகப் போகும். ஒற்றை நுழைவுச் சுற்றுலா விசா என்றால், அது கிடைத்து மூன்று மாதத்துக்குள் ஜப்பானில் நுழைய வேண்டும். ஆர்வத்தில் ஆகஸ்டிலேயே வாங்கினால் டிசம்பரில் செல்லாமல் போகும். அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கம் சரியாக இருக்கும். குழுவாகப் போனாலும் ஒவ்வொருவரின் வங்கிக் கணக்கும் வருமானச் சான்றும் தனித்தனியாகப் பார்க்கப்படும். பயணத் திட்டத் தாள் மட்டும் ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒருவர் தாளில் ஒசாகாவும் இன்னொருவர் தாளில் டோக்கியோவும் ஒரே தேதியில் இருந்தால் தேவையில்லாத கேள்வி வரும். இ-விசா கிடைத்தால் ஒரு விஷயம்: விமான நிலையத்தில் அதை இணையத்தில் நேரடியாகத் திறந்து காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட்டோ அச்சுப் பிரதியோ ஏற்கப்படாது. இறங்கிய உடனே போனில் இணையம் இருக்க வேண்டும்.

ஆக, வரிசை இது: விழாத் தேதி அறிவிப்பு, பிறகு ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் விடுதி, பிறகு தேதி மாற்றக்கூடிய விமான டிக்கெட், அப்புறம் விசா. தள்ளுபடி டிக்கெட்டில் தேதி மாற்ற முடியாது என்றால் அது உங்களுக்கு மலிவானது அல்ல.

இரண்டு விழாக்களுக்கும் போவது என்று முடிவெடுத்தால், நடுவிலுள்ள நாட்களைக் கியோட்டோ, ஒசாகா பக்கம் செலவிடுங்கள். ஆனால் 27ஆம் தேதிக்குள் டோக்கியோ திரும்பிவிடுங்கள். ஏறக்குறைய 28 முதல் நாடே சொந்த ஊருக்குக் கிளம்பும். அந்த நாட்களில் நொசோமி ஷின்கான்சென் அதிவேக ரயிலில் முன்பதிவில்லாத பெட்டியே கிடையாது. முன்பதிவு ஒரு மாதத்துக்கு முன் காலை பத்து மணிக்குத் திறக்கும். உங்களுக்கு வசதியான ஒரு விஷயம், சாதாரண வகுப்பில் ஒரு வரிசைக்கு மூன்றும் இரண்டுமாக ஐந்து இருக்கைகள். சீக்கிரம் போட்டால் ஒரே வரிசையில் உட்காரலாம். நீளம், அகலம், உயரம் கூட்டி 160 சென்டிமீட்டருக்கு மேல் போகும் பெட்டிக்கு அதற்கென்று இருக்கும் இருக்கையைப் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஜேஆர் ரயில் பாஸ் வாங்க வேண்டாம். ஏழு நாள் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென் ஆனது. டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் ஒரு முறை போய்வர முப்பதாயிரம் யென்தான் ஆகும்.

தங்குமிடத்தை விழா அரங்குக்குப் பக்கத்தில் தேடாதீர்கள். காமிக்கெட் அரங்கான டோக்கியோ பிக் சைட் இருக்கும் அரியாகே பகுதி அறைகள் எப்போதோ நிரம்பியிருக்கும். இகெபுகுரோ அல்லது ஷின்ஜுகுவில் தங்குங்கள். சாய்க்யோ பாதை ரயில்கள் பல ரின்காய் பாதையில் நேராகத் தொடர்ந்து, டோக்கியோ பிக் சைட்டுக்கு அருகிலுள்ள கொக்குசாய் தென்ஜிஜோ நிலையத்திலேயே இறக்கிவிடும். ஜம்ப் ஃபெஸ்டா நடக்கும் மகுஹாரி மெஸ்ஸேக்குக் கெய்யோ பாதையில் போக வேண்டும். டோக்கியோ நிலையத்துக்குள் அந்த நடைமேடைக்கு நடக்கவே நேரம் பிடிக்கும், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள். ஐந்து பேர் என்பது அங்கே கொஞ்சம் சிக்கலான எண்ணிக்கை. சாதாரண டாக்ஸியில் நான்கு பேர்தான் ஏறலாம், பல ராமென் நூடுல்ஸ் கடைகளில் பத்து இருக்கைகூட இருக்காது. சமையலறையோடு வரும் அபார்ட்மென்ட் வகை விடுதியில் ஐந்து பேருக்கு ஒரே அறை கிடைத்தால் பிடித்துக்கொள்ளுங்கள், சைவ நண்பர்களுக்கும் அதுதான் நல்லது.

காமிக்கெட் நாளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நண்பர்கள் பயணத்தில் மனக்கசப்பு வருவது அங்கேதான்.

அரங்குக்குள் எல்லோரும் சேர்ந்து சுற்றாதீர்கள். முடியவும் முடியாது. ஒவ்வொரு குழுவின் இடமும் அரங்கு, வரிசை எழுத்து, எண் என்று குறிக்கப்பட்டிருக்கும். முந்தின இரவே ஆளுக்கொரு பட்டியல் எழுதிக்கொண்டு, அரங்கு வாரியாகப் பிரியுங்கள். கிழக்கு அரங்கு போகிறவர் மற்றவர்களுக்கானதையும் அங்கேயே வாங்கட்டும், மேற்கு போகிறவரும் அப்படியே. ஆளுக்கு ஒரு பிரதிதான் என்று சில மேசைகளில் கட்டுப்பாடு இருக்கும். அங்கே யாருக்கு அந்தப் புத்தகம் என்பதையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். கூட்டம் கூடியதும் போன் இணைப்பு மந்தமாகிவிடும். அதனால் சந்திக்கும் நேரத்தையும் இடத்தையும் காலையிலேயே பேசி வையுங்கள். தலைகீழ்ப் பிரமிடு வடிவ முகப்புக்குக் கீழே சந்திக்கலாம் என்று எல்லோரும் நினைப்பார்கள், எனவே அங்கே வேண்டாம். விடுதி இருக்கும் நிலையத்தின் ஒரு குறிப்பிட்ட வாசல் போதும்.

பணம் ரொக்கமாக, சில்லறையாக இருக்க வேண்டும். 1,000 யென் நோட்டும் 500, 100 யென் நாணயமும். 10,000 யென் நோட்டை நீட்டினால் மேசைக்காரர் தவித்துப் போவார். மாதிரிப் பிரதியைப் புரட்டும் முன் "மிதே மோ ஈ தெசு கா" என்று கேளுங்கள், அந்த ஒரு வரி ஜப்பானிய மொழி போதும். நீண்ட வரிசையின் கடைசியில் நிற்பவர் கையில் வரிசையின் முடிவைக் காட்டும் ஓர் அட்டை இருக்கும். நீங்கள் போய் நின்றதும் அதை வாங்கிக்கொண்டு, அடுத்து வருபவரிடம் கொடுக்க வேண்டும். அரங்குக்குள் ஓடக் கூடாது. இரவு முழுவதும் வெளியே காத்திருப்பதற்கும் தடை. அந்த விழாவில் விற்பவர், வாங்குபவர், தொண்டர் எல்லோருமே பங்கேற்பாளர்கள்தான். கடைக்காரரிடம் பேசுவது போல அதட்டிப் பேசும் பழக்கம் யாருக்காவது இருந்தால் ஊரிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

காஸ்பிளே தோழிக்கு: உடையை விடுதியிலேயே அணிந்துகொண்டு ரயிலேறக் கூடாது. அரங்கில் பதிவுக் கட்டணம் கட்டி, அங்குள்ள அறையில் மாற்றி, திரும்பும்போதும் அங்கேயே கழற்ற வேண்டும். வாள், கோல் போன்றவற்றுக்கு நீள அளவும் பொருள் கட்டுப்பாடும் உண்டு, தைக்கத் தொடங்கும் முன் விதிகளைப் படிக்கட்டும். படம் எடுக்கும் இடங்கள் பெரும்பாலும் திறந்தவெளி. உடைக்குள் மெல்லிய வெப்ப உள்ளாடை போடும்படி அளவெடுப்பது நல்லது. அங்கே மின்சாரம் 100 வோல்ட், தட்டையான இரண்டு முனை பிளக். விக் சீராக்கும் கருவி அதில் வேலை செய்யுமா என்று பார்த்து எடுத்து வரட்டும்.

டிசம்பர் கடைசியில் டோக்கியோவில் பகலில் பத்துப் பன்னிரண்டு டிகிரி இருக்கும், விடியலில் இரண்டு மூன்று. ஊட்டிக் குளிர் பழகியவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது, ஆனால் பிக் சைட் கடலோரம், காற்றுதான் படுத்தும். ரயிலுக்குள்ளும் அரங்குக்குள்ளும் வியர்க்கும். ஒரே தடிமனான கோட்டைவிட மெல்லிய அடுக்குகள் வசதி. பிரித்ததும் சூடாகும் கைரோ பொட்டலம் எந்த கன்வீனியன்ஸ் கடையிலும் கிடைக்கும். மாலை நாலரைக்கே இருட்டிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

விழாவில் ஆர்வமில்லாத நண்பரை இரக்கப்பட்டு உள்ளே இழுத்துப் போகாதீர்கள். அந்த நாளை முழுதாக அவருக்கே விடுங்கள். அவரிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: ஆண்டிறுதியில் பெரும்பாலான அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும், கடைகளும் ஜனவரி முதல் நாள்களில் பல மூடியிருக்கும். கிப்லி அனிமே ஸ்டுடியோவின் அருங்காட்சியகம் பார்க்க ஆசையென்றால் டிசம்பர் டிக்கெட் நவம்பர் 10 அன்று ஜப்பான் நேரப்படி காலை பத்து மணிக்கு விற்பனைக்கு வரும்.

சைவம் பற்றி: காய்கறி சூப் என்று தோன்றுவதிலும் மீன் சாறு கலந்திருக்கும். சோற்று உருண்டையில் கொம்பு எனும் கடற்பாசி, உமேபோஷி எனும் ஊறுகாய்ப் பழம் வைத்தவற்றைத் தேடலாம், ஆனால் கண்டிப்பானவர்கள் பொருள் பட்டியலைப் போனில் மொழிபெயர்த்துப் பார்க்க வேண்டும். இந்தியர்கள் நிறைய வாழும் நிஷிகசாய் பக்கம் ஒரு மாலை போய்வாருங்கள், வயிறு நிறையும். விழா நாளில் மட்டும் எல்லோருமே பையில் சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து சிக்கன் ஊறுகாய், கறி வறுவல் எதுவும் வேண்டாம். இறைச்சிப் பொருட்களுக்கு அங்கே அனுமதி இல்லை. கறிவேப்பிலையும் பழமும்கூட விமான நிலையத்தில் பிடிபடும்.

மருந்துப் பையையும் ஒரு முறை பாருங்கள். சூடோஎபிட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரையும், கோடீன் ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள இருமல் மருந்தும் முன் அனுமதி இல்லாமல் ஜப்பானுக்குள் கொண்டுபோகக் கூடாதவை. ஒருவர் தொடர்ந்து மருந்து எடுப்பவர் என்றால் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட அளவுக்கு முன் அனுமதி வாங்க வேண்டும்.

ரயில் கட்டணத்துக்கு ஆளுக்கொரு சுயிகா அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். ஐபோனில் அதையே போனுக்குள் வைத்துக்கொள்ளலாம், இந்தியாவில் வாங்கிய ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் முடியாது. பணம் எடுக்க செவன் லெவன் கடைகளிலுள்ள ஏடிஎம் வெளிநாட்டு அட்டையை ஏற்கும். பொதுச் செலவுக்கு ஒருவரே பொறுப்பாளராக இருந்து இரவுதோறும் கணக்கை எழுதிவிடுங்கள். புத்தகச் செலவு மட்டும் அவரவர் பணம், அவரவர் முடிவு. திரும்பும்போது பெட்டியில் கனப்பது அந்தப் புத்தகங்கள்தான், விமானத்தில் எத்தனை கிலோ என்று பார்த்து வாங்குங்கள். வயது வந்தோருக்கான தோஜின்ஷியும் அங்கே நிறைய விற்பனைக்கு இருக்கும். ஆபாசப் பொருளை இந்தியாவுக்குள் கொண்டுவருவது சட்டப்படி தடை செய்யப்பட்டது. ஐந்து பேர் ஒரே பெட்டியில் சேர்த்து அடுக்கினால் அந்தப் பெட்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் சுங்கத்தில் பதில் சொல்ல வேண்டும். அவரவர் வாங்கியது அவரவர் பெட்டியில்.