ஐலண்டுக்குள் நுழைந்த எஸ்

கேள்வி: ஆறாவது படிக்கும் என் மகள் டிக்டேஷனில் 'ஐலண்ட்' எழுதும்போதெல்லாம் எஸ்-ஐ விட்டுவிடுகிறாள். "வாயில் வராத எழுத்தை எதுக்கு எழுதணும்?" என்கிறாள். என்ன சொல்வது, எப்படிப் பழக்குவது?

பதில்: அவள் கேட்பது நியாயம்தான். அந்த எஸ் சொல்லோடு பிறந்ததில்லை, திருத்துகிறோம் என்று கிளம்பியவர்கள் செருகியது.

பழைய ஆங்கிலத்தில் தீவைக் குறிக்க ஒரு சின்னச் சொல் இருந்தது. கிட்டத்தட்ட 'ஈய்' என்று ஒலிக்கும். அதோடு 'லாண்ட்' சேர்ந்துதான் இந்தச் சொல். பிறகு பல நூற்றாண்டுகள் ஐ-எல்-ஏ-என்-டி என்றோ, ஐ இருக்குமிடத்தில் ஒய் போட்டோ எழுதினார்கள். எஸ் எங்கும் கிடையாது.

இதற்கிடையே பிரெஞ்சிலிருந்து 'ஐல்' என்ற சொல் வந்தது. அதற்கும் தீவு என்றே பொருள். ஆனால் அதன் மூலம் லத்தீனின் 'இன்சுலா'. பொருளும் ஒன்று, ஒலியும் பக்கத்தில். இரண்டும் ஒரே குடும்பம் என்று நினைத்து, ஐலில் இருந்த எஸ்-ஐ இதற்கும் மாட்டிவிட்டார்கள். 'கிணற்றில்' என்பதைப் பார்த்து நாம் 'சுவரில்' என்பதைச் 'சுவற்றில்' ஆக்குகிறோமே, அந்த மாதிரி! மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. 1611இல் அச்சான கிங் ஜேம்ஸ் பைபிளில் இயேசுவின் தூதர் பவுல் கரையேறும் மெலித்தாவைச் சொல்லும் இடத்தில் 'ஐலண்ட்' எஸ் இல்லாமல்தான் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சுக்காரர்கள் பின்னாளில் தங்கள் எஸ்-ஐ எடுத்துவிட்டு, ஐ-யின் தலையில் ஒரு தொப்பிக்குறி போட்டுக்கொண்டார்கள். ஆங்கிலம்தான் இன்னும் சுமக்கிறது.

கடனைக் குறிக்கும் 'டெட்' சொல்லில் ஒலிக்காத பி-யும் லத்தீனைப் பார்த்துச் சேர்த்ததுதான். அதற்காவது 'டெபிட்டம்' என்ற உண்மையான லத்தீன் மூதாதை உண்டு. ஐலண்டின் எஸ்ஸுக்கு அந்த உறவும் இல்லை.

சரி, டிக்டேஷனில் இதைச் சொல்லி மார்க் வாங்க முடியாது. எழுதும்போது மட்டும் மனதுக்குள் 'இஸ்', 'லாண்ட்' என்று இரண்டாக உடைத்துச் சொல்லிக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டுமே அவளுக்குத் தெரிந்த சொற்கள். வாய்விட்டுப் படிக்கும்போது ஐலண்ட்தான். அப்புறம் 'பெனின்சுலா', 'ஐசொலேட்', 'இன்சுலின்' மூன்றையும் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். இவை நிஜமாகவே இன்சுலாவின் வாரிசுகள். அவற்றில் எஸ் வாய்விட்டே ஒலிக்கும்.