உங்கள் வீட்டில் ஒரு டயட் ஐந்து வருடமாக நடக்கிறது

கேள்வி: எனக்கு 43 வயது, வங்கியில் வேலை. 76 கிலோ இருக்கிறேன். சோற்றை விட்டுப் பட்டரும் சீஸுமாகச் சாப்பிடும் கீட்டோ, ஆதிமனிதர் சாப்பாடு என்கிற பேலியோ, 16 மணிநேரப் பட்டினி எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஐந்தாறு கிலோ குறையும், பிறகு ஒரு பிறந்தநாள், ஒரு கலியாணவீடு, அதோடு பழையபடி ஏறிவிடும். இப்போது ஒரு வாட்ஸ்அப் டயட் குறூப்புக்கு மாதாமாதம் காசு கட்டுகிறேன், அதிலும் மூன்றாவது கிழமையே களைத்துவிட்டேன். வீட்டில் யாருக்கும் சொல்வதில்லை, சிரிப்பார்கள். இவருக்கு ஐந்து வருடமாகச் சீனி வருத்தம், அவருக்குச் சிவப்பரிசிச் சோறு தனியாக வடித்து, கிண்ணத்தால் அளந்து போடுவேன், அதில் ஒரு பிரச்சினையும் இல்லை. எனக்குத்தான் மனக்கட்டுப்பாடு இல்லை. அதை வளர்க்க ஒரு வழி சொல்லுங்கள்.
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, மனக்கட்டுப்பாட்டுக்கு என்னிடம் மருந்து இல்லை. இருந்தாலும் உங்களுக்குத் தரமாட்டேன்.

"அதில் ஒரு பிரச்சினையும் இல்லை" என்று எவ்வளவு லேசாக எழுதிவிட்டீர்கள்! சீனி வருத்தக்காரர் ஒருவர் ஐந்து வருடமாக ஒரே அளவில் சாப்பிட்டு வருகிறார் என்றால் அது சின்ன விஷயமா? கிளினிக்கில் தாளில் எழுதிக் கொடுத்ததை மூன்றே மாதத்தில் மறந்துவிட்டு, இரவில் கொத்து ரொட்டியும் ஐஸ்கிறீமுமாகத் திரிகிற எத்தனை பேரை இந்தக் கொழும்பில் பார்க்கிறோம். உங்கள் கணவர் மட்டும் எப்படித் தப்பினார்? அவருக்கு மனக்கட்டுப்பாடு என்றா நினைக்கிறீர்கள்? அரிசியைத் தனியாக வாங்குவது, தனியாக வடிப்பது, சந்தைக்குப் போய் வல்லாரையும் பொன்னாங்காணியும் பார்த்து எடுத்து வந்து ஆய்வது, கிண்ணத்தை மட்டமாக வழித்து அவர் தட்டில் போடுவது, எல்லாம் நீங்கள். அவர் செய்வது கதிரையில் இருந்து சாப்பிடுவது மட்டும்தான். அவருடைய டயட் நிலைத்து நிற்பதற்கு அவர் காரணமில்லை, நீங்கள்தான் காரணம். உங்கள் டயட் நிற்காததற்கும் காரணம் அதேதான்: உங்களுக்கு அளந்து போட ஆள் இல்லை.

நீங்கள் உடம்போடு தனியாகச் சண்டை பிடிக்கிறீர்கள், அது நேர்மையாகச் சண்டை பிடிக்கிற ஆளும் இல்லை. எடை குறைந்ததும் பசியை அடக்கும் லெப்டின் குறையும், பசியைக் கிளப்பும் கிரெலின் கூடும். மெல்பேர்னில் 50 பேருக்குப் பத்துக் கிழமை கடும் டயட் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2011இல் வெளியானது. டயட் முடிந்து ஒரு வருடம் போன பிறகும் அந்தப் பசி ஹோர்மோன்கள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஆகவே பிறந்தநாள் கேக்கைக் குற்றம் சொல்லாதீர்கள், அந்தக் கேக் வருவதற்கு முன்பே உங்கள் உடம்பு போன கிலோவைத் தேடத் தொடங்கியிருக்கும்.

இன்னொரு கதை. 1945இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தார்கள். யுத்தத்தால் பட்டினி கிடந்த ஐரோப்பிய மக்களை எப்படித் தேற்றுவது என்று கண்டுபிடிக்கத்தான் அந்தச் சோதனை. கனவிலும் சாப்பாடு, பேச்சிலும் சாப்பாடு, சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். அப்படியும் பெரும்பாலானவர்கள் கடைசிவரை தாக்குப் பிடித்தார்கள். எப்படி என்கிறீர்கள்? அவர்களுடைய சாப்பாட்டை வேறு ஆட்கள் அளந்து கொடுத்தார்கள். போகப்போக, வெளியே போகும்போது ஒருவருக்கு ஒருவர் துணையாகத்தான் போகலாம் என்றும் சட்டம் போட்டார்கள். நான் உங்களைப் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. அவ்வளவு உறுதியோடு வந்த பொடியன்களையே தனியாக விட முடியவில்லை என்றால், பகல் முழுக்க வங்கியில் நின்றுவிட்டு வந்து ராத்திரி அடுப்படியில் நிற்கிற உங்களை எந்த நியாயத்தில் தனியாக விடுவது?

எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்கிறேன். அந்த வாட்ஸ்அப் குறூப்புக்கு என்னத்துக்குக் காசு கட்டுகிறீர்கள்? கணவர் தட்டில் நீங்கள் தினமும் போடுவது என்ன? கொஞ்சம் சிவப்பரிசிச் சோறு, நிறையக் கீரையும் மரக்கறியும், ஒரு துண்டு மீன், பருப்பு. உங்களுக்கும் அதுதான் சரியான சாப்பாடு. எடை குறைக்க எந்த டயட் நல்லது என்று போஸ்டனில் 160 பேரை நாலு பிரிவாகப் பிரித்து ஒரு வருடம் பார்த்தார்கள், 2005இல் முடிவு வந்தது. எந்த டயட் என்பது பெரிதாக ஒன்றையும் மாற்றவில்லை, விடாமல் பிடித்தவருக்குக் குறைந்தது, விட்டவருக்குக் குறையவில்லை. ஐந்து வருடமாக விடாமல் பிடித்த டயட் ஒன்றை உங்கள் சொந்த அடுப்பில் வைத்துக்கொண்டு, அதற்குப் பக்கத்திலேயே யாருக்கும் தெரியாமல் பட்டரும் சீஸும் உருக்கிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு வீட்டில் புருஷனுக்கு ஒரு பானை, பிள்ளைகளுக்கு ஒரு பானை, உங்களுக்கு ஒரு ஒளித்த பானையா?

எல்லாருக்கும் செய்துவிட்டுத் தன்னுடையதை மறைத்து வைப்பதைத் தியாகம் என்று நம் பெண்கள் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கடமை என்பது இரண்டு பக்கமும் போகவேண்டும், ஒரு பக்கம் மட்டும் போனால் மற்றவர் சோம்பேறியாகிறார், நீங்கள் நோயாளியாகிறீர்கள். நம் தெற்காசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீற்றரைத் தாண்டினாலே கவனம் என்பது கணக்கு. உங்களுக்கும் சீனி வந்து படுத்தால் அவருடைய சோற்றை யார் அளப்பது? அவருக்காகவாவது யோசியுங்கள் என்று சொன்னால்தான் உங்களுக்குக் காதில் விழும் என்று தெரிந்துதான் இதைச் சொல்கிறேன்.

சிரிப்பார்களாம். சரி, சிரிக்கட்டும், சிரித்து முடியட்டும், அப்புறம் கிண்ணத்தை அவர் கையில் கொடுங்கள். இரவுச் சாப்பாடு அவர் பொறுப்பு: உங்கள் தட்டையும் அவரே போடவேண்டும், உங்களுக்கும் அந்தச் சிவப்பரிசிதான், அதே நேரம், அதே மேசை. நின்றபடி அடுப்படியில் மிச்சம் வழிப்பது இனி இல்லை, அப்படிச் செய்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். வெறும் பாணும் சம்பலுமாக முடிகிற இரவுகளைப் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் குறையுங்கள். சாப்பிட்டபின் இரண்டு பேருமாக மரைன் டிரைவ் பக்கம் நடந்துவிட்டு வாருங்கள், அவருடைய சீனிக்கும் நல்லது. கலியாணவீட்டுக்குப் போனால் பலகாரம் சாப்பிடுங்கள், மறுநாள் காலை பழைய கிண்ணம். கிலோ மெதுவாகத்தான் இறங்கும்.

எனக்குச் சோறு போட்டுப் பழக்கமில்லை என்று அவர் சொன்னால், அடுத்த கடிதத்தை அவரையே எழுதச் சொல்லுங்கள். அவருக்கு நான் வேறு பதில் வைத்திருக்கிறேன்.