வருடச் சம்பளம் 12 லட்சத்திலிருந்து 16 லட்சத்துக்கு வேலை மாறுகிறேன், 30 நாளில் சேரச் சொல்கிறார்கள். தைரியமாகக் கிளம்பலாமா?

நீங்கள் கொடுத்த விவரம்: ஒரே ஐடி நிறுவனத்தில் 4 வருடம் 5 மாதம், நோட்டீஸ் 90 நாள். புதிய இடத்தில் "பை-அவுட் பண்ணிட்டு சீக்கிரம் வாங்க" என்கிறார்கள், அதாவது மீதி நோட்டீஸ் நாளுக்குப் பழைய நிறுவனத்துக்குப் பணம் கட்டிவிட்டு.

மாறுங்கள். ஆனால் 30 நாளில் ஓடாதீர்கள், உங்கள் பணம் அங்கேதான் கரைகிறது.

கிராஜுவிட்டிக்கு (நீண்ட நாள் வேலைக்காக, விலகும்போது நிறுவனம் தரும் தொகை) ஐந்து வருட சர்வீஸ் வேண்டும். நாலு வருடம் முடித்து, ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலும் அதை ஐந்து வருடமாகக் கொள்ளலாம் என்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 90 நாள் நோட்டீஸை முழுதாகப் பார்த்தால் நீங்கள் 4 வருடம் 8 மாதத்தைத் தொடுகிறீர்கள், கிட்டத்தட்ட அந்தக் கோட்டிலேயே. உங்கள் அடிப்படைச் சம்பளம் மாதம் 50,000 என்று வைத்தால், வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கில் 50,000 × 15 ÷ 26 × 5 = சுமார் 1,44,000 ரூபாய். வரி கிடையாது. இரண்டு மாதம் முன்னால் சேர்வதால் கூடுதலாக வருவதோ 66,000 சொச்சம், அதுவும் சிடிசி (நிறுவனம் உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு) கணக்கில். பை-அவுட் தொகையைப் புதிய நிறுவனம் திருப்பித் தரலாம் (அதற்கு வரி பிடிப்பார்கள்). போன கிராஜுவிட்டியை யாரும் தர மாட்டார்கள். எல்லா நிறுவனமும் இந்த 240 நாள் கணக்கை ஒத்துக்கொள்வதில்லை. அதனால் ராஜினாமாவுக்கு முன்பே கம்பெனி பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிடுங்கள். கடைசி நாளை ஒரு வாரம் தள்ளிப் போட்டால் தேறும் என்றால் தள்ளிப் போடுங்கள். லீவைக் கழித்து நோட்டீஸைக் குறைக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

அடுத்து அந்த 16 லட்சம். பன்னிரண்டால் வகுத்து மாதம் 1,33,000 என்று மனக்கணக்கு போட்டிருப்பீர்கள். அடிப்படைச் சம்பளம் பாதி, வேரியபிள் (வேலைத்திறனைப் பொறுத்துக் கிடைக்கும் பகுதி) 10 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால், நிறுவனத்தின் பிஎஃப் பங்கு 96,000, கிராஜுவிட்டி ஒதுக்கீடு 4.81 சதவீதப்படி 38,480, வேரியபிள் 1,60,000, இன்ஷூரன்ஸ் ஒரு 15,000. இவ்வளவும் சிடிசிக்குள் அடக்கம். மிச்சத்தை மாதமாக்கி, உங்கள் பிஎஃப் பங்கு 8,000-ஐயும் கழித்தால் கையில் 99,500 வரும், வருமான வரிக்கு முன்னால். ஆகவே ஆஃபரோடு சம்பளப் பிரிப்புத் தாளையும் கேட்டு வாங்குங்கள். ஜாயினிங் போனஸ் இருந்தால், எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். புரொபேஷனில் (ஆரம்பச் சோதனைக் காலத்தில்) நோட்டீஸ் எத்தனை நாள் என்பதையும்.

ஆஃபர் லெட்டர் நிறுவனத்தின் மெயிலிலிருந்து வந்து, நீங்கள் ஏற்றுக்கொண்டு, சேரும் தேதி எழுத்தில் மாறிய பிறகுதான் பேப்பர் போட வேண்டும். எச்ஆர் போனில் "கன்ஃபார்ம்" என்பதெல்லாம் கணக்கில் சேராது. ராஜினாமா மெயிலில் இரண்டு வரி போதும்: ராஜினாமா செய்கிறேன், நோட்டீஸ்படி என் கடைசி வேலை நாள் இந்தத் தேதி. காரணம் எழுதாதீர்கள். அன்றே கம்பெனி போர்ட்டலிலும் ஏற்றிவிடுங்கள், பல இடங்களில் நோட்டீஸ் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். லேப்டாப்பைக் கொடுப்பதற்கு முன் சம்பளச் சீட்டுகள், படிவம் 16 எல்லாவற்றையும் சொந்த மெயிலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி கோடு, கிளையன்ட் ஃபைல் எதையும் தொட வேண்டாம்.

பலர் தடுமாறுவது கைக்காசில். கடைசி மாதச் சம்பளத்தைப் பல இடங்களில் நிறுத்திவைத்து, கணக்கு முடிக்கும் செட்டில்மென்ட்டோடு கொடுப்பார்கள், அது 30, 45 நாள் கூட இழுக்கும். புதிய இடத்தில் 20-ஆம் தேதிக்கு மேல் சேர்ந்தால் முதல் சம்பளம் அடுத்த மாதத்துக்குப் போய்விடுவது சகஜம். எனவே இரண்டு மாத இஎம்ஐ, வாடகை, வீட்டுச் செலவு வங்கியில் இருக்கட்டும். வீட்டுக்கடன் எடுக்கும் எண்ணம் இருந்தால் மாறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். புரொபேஷனில் இருப்பவரென்றால் வங்கிகள் யோசிக்கும்.

வரியில் ஒரு பொறி இருக்கிறது. 2025-26 கணக்கில், புதிய வரி முறையில் 12.75 லட்சம் சம்பளம் வரை வரியில்லை. பழைய இடத்தில் ஆறு மாதத்தில் 6 லட்சம், புதிய இடத்தில் மீதி ஆறு மாதத்தில் 8 லட்சம் வாங்கினால் இருவரும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு ஒரு பைசா டிடிஎஸ் (சம்பளத்திலேயே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) பிடிக்க மாட்டார்கள். மொத்தம் 14 லட்சத்துக்கு வரி 81,900. ரிட்டர்ன் போடும்போது வட்டியோடு வந்து நிற்கும். சேர்ந்த வாரமே பழைய சம்பள விவரத்தைப் புதிய நிறுவனத்திடம் கொடுத்துவிட்டால் மாதாமாதம் பிடித்துவிடுவார்கள்.

மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். பழைய பாலிசியில் அப்பா அம்மாவைச் சேர்த்திருந்தால், புதிய இடத்தில் அவர்களுக்கும் உண்டா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனி பாலிசியாக மாற்ற நோட்டீஸ் காலத்திலேயே விண்ணப்பியுங்கள். புதிதாக எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பிபி போன்றவற்றுக்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம்.

பிஎஃப் பணத்தை எடுக்காதீர்கள். ஐந்து வருடத்துக்குள் எடுத்தால் வரி உண்டு. பென்ஷனுக்கான பத்து வருடக் கணக்கும் அறுந்துபோகும். பழைய யுஏஎன் எண்ணையே (வேலை மாறினாலும் மாறாத உங்கள் பிஎஃப் எண்) புதிய இடத்தில் கொடுத்து, பணத்தை மாற்றிக்கொள்ளுங்கள். விலகிய தேதியைப் பழைய நிறுவனம் பிஎஃப் தளத்தில் ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றவில்லையென்றால் கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து, ஆதார் ஓடிபி வைத்து நீங்களே பதியலாம். அந்தத் தேதி ரிலீவிங் லெட்டரில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். புதிய இடத்தில் சேர்ந்த தேதிக்குப் பிந்தியதாகப் பதிவாகிவிட்டால், ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்த்த மாதிரி சரிபார்ப்பில் தெரியும்.