சப்அவார்டு இன்வாய்ஸுக்கு பிஐ "ஓகே" சொன்னால் போதுமா?

கேள்வியைப் படித்தால், நீங்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கிராண்ட் அட்மினிஸ்ட்ரேட்டராகப் புதிதாகச் சேர்ந்தவர் என்று தெரிகிறது. உங்கள் பேராசிரியரின் கிராண்டில் (ஆராய்ச்சிக்கு வந்த நிதியில்) ஒரு பகுதி இன்னொரு பல்கலைக்கழகத்துக்குப் போகிறது, அதுதான் சப்அவார்டு. அங்கிருந்து இன்வாய்ஸ் வந்திருக்கிறது, பிஐ (முதன்மை ஆய்வாளர், அதாவது உங்கள் பேராசிரியர்) "ஓகே" என்று ஒரே வார்த்தையில் மெயில் போட்டுவிட்டார். அது போதுமா என்கிறீர்கள்.

போதாது. வேலை நடந்ததா, கேட்கிற தொகை அந்த வேலைக்குப் பொருத்தமா என்று பிஐதான் சொல்ல முடியும். கணக்கு சரியா என்று பார்க்க வேண்டியது நீங்கள். "ஓகே" என்ற மெயிலில் இந்த இரண்டில் எதுவும் இல்லை. "மார்ச் மாத வேலையைப் பார்த்தேன், திட்டப்படி நடக்கிறது" என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். ஆடிட் வரும்போது அந்த ஒரு வரிக்குத்தான் மதிப்பு.

(முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இங்கே பேசுவது ஃபெடரல் கிராண்ட் (அமெரிக்க மத்திய அரசு தரும் நிதி), அதற்கான 2 சிஎஃப்ஆர் 200 விதிகள், 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்களோடு. பழைய அவார்டுகளுக்குப் பழைய எண்களே இருக்கலாம், உங்கள் அவார்டு நோட்டீஸைப் பாருங்கள். "எங்க யூனிவர்சிட்டில அப்படி இல்லையே" என்று சண்டைக்கு வர வேண்டாம்.)

இப்போது இன்வாய்ஸ். உதாரணத்துக்கு ஏழாவது இன்வாய்ஸ் என்று வைத்துக்கொள்வோம்: சம்பளம் 9,000, ஃப்ரிஞ்ச் (சம்பளத்தோடு சேர்ந்த காப்பீடு போன்ற சலுகைகள்) 2,700, சப்ளைஸ் 600, ஆக மொத்தம் 12,300 டாலர். ஓவர்ஹெட் (நிறுவனத்தின் பொதுச் செலவுக்காக மேலே போடும் சதவீதம்) 50 சதவீதம், 6,150. இந்த மாதத் தொகை 18,450. இதுவரை மொத்தம் 1,12,300. முதலில் ஆறாவது இன்வாய்ஸை எடுத்து அதில் மொத்தம் 93,850 என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் நடுவில் ஒரு இன்வாய்ஸ் உங்களுக்கு வந்து சேரவில்லை, அல்லது அவர்கள் பழைய கணக்கைத் திருத்தியிருக்கிறார்கள். அடுத்து தேதி: செலவு நடந்த காலம் சப்அவார்டின் ஆரம்ப, முடிவு தேதிகளுக்குள் இருக்கிறதா? அமெண்ட்மெண்ட் (ஒப்பந்தத்தை நீட்டிக்கும் திருத்தம்) கையெழுத்தாகாமல் வேலை தொடர்ந்த மாதங்கள் இங்கேதான் மாட்டும். பிறகு ஓவர்ஹெட் எதன் மேல் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 12,000 டாலருக்கு ஒரு கருவி வாங்கி அதன் மேலும் 50 சதவீதம் போட்டிருந்தால் 6,000 டாலர் அதிகம். 10,000 டாலரும் அதற்கு மேலும் உள்ள கருவிகளும், மாணவர்களின் டியூஷனும் அந்த அடித்தளத்தில் சேராது.

தப்பு இருந்தால் தொகையைக் குறைத்துக் கொடுத்துவிட்டு சும்மா இருக்காதீர்கள். எழுத்தில் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புங்கள். சரியான இன்வாய்ஸ் கைக்கு வந்த நாளிலிருந்து 30 காலண்டர் நாளில் பணம் போக வேண்டும். இன்வாய்ஸை மூன்று வாரம் இன்பாக்ஸில் தூங்கவிடும் பிஐகளுக்கு இந்த விதி தெரியாது, தெரிந்தாலும் கவலை இல்லை. அந்தப் பக்கம் இருக்கும் சின்ன கல்லூரி தன் சொந்தப் பணத்தில் போஸ்ட்டாக்குக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கும்.

அதற்காக ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் ரசீது கேட்டுப் படுத்தவும் வேண்டாம். ஆண்டுதோறும் சிங்கிள் ஆடிட் (ஃபெடரல் பணம் பெறும் நிறுவனத்துக்கான மொத்தத் தணிக்கை) சுத்தமாக வரும் பெரிய பல்கலைக்கழகத்திடம் லெட்ஜர் கேட்பது வீண் வேலை. ஃபெடரல் பணம் முதன்முறையாகக் கையாளும் சிறு நிறுவனம் என்றால் கேளுங்கள். ஆனால் அதை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். ரிஸ்க் அசெஸ்மென்ட்டை கையெழுத்துக்கு முன் செய்யச் சொல்வது இதற்காகத்தான்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: இது உண்மையில் சப்அவார்டுதானா? சாம்பிளுக்கு இவ்வளவு என்று எல்லோருக்கும் ஒரே ரேட்டில் சீக்வென்சிங் செய்து தரும் லேப் ஒரு கான்ட்ராக்டர். ஆய்வின் ஒரு பகுதியைத் தானே வடிவமைத்து முடிவெடுத்து நடத்துபவர்தான் சப்ரெசிபியன்ட், அதாவது சப்அவார்டு பெறுபவர். தாளில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்பது கணக்கில்லை, உறவின் தன்மைதான் கணக்கு. பணத்தில் பார்த்தால் வித்தியாசம் புரியும். உங்கள் ரேட் 55 சதவீதம், அந்தப் பக்கம் போவது 2 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சப்அவார்டு என்றால் முதல் 50,000 டாலருக்கு மட்டும் உங்கள் ஓவர்ஹெட், அதாவது 27,500. கான்ட்ராக்டர் என்றால் முழுத் தொகைக்கும், 1,10,000. பட்ஜெட் போடும்போது தப்பாக வகைப்படுத்திவிட்டு இரண்டாம் வருடம் கண்டுபிடித்தால் அந்த 82,500-ஐ எங்கிருந்து எடுப்பீர்கள்? இன்னொன்று, 50,000 என்பது ஒரு சப்அவார்டின் முழுக் காலத்துக்கும் ஒரே முறைதான். ஒவ்வொரு வருட அமெண்ட்மெண்ட்டுக்கும் புதிதாக எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஓவர்ஹெட் பேச்சு வந்ததால் ஒரு ஆதங்கம். இதை "யூனிவர்சிட்டி அடிக்கிற கமிஷன்" என்று சொல்லும் பேராசிரியர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. 2025 பிப்ரவரியில் என்ஐஹெச் (மருத்துவ ஆய்வுக்கு நிதி தரும் அமெரிக்க அரசு நிறுவனம்) அதை 15 சதவீதமாக வெட்டுவதாக அறிவித்து, கோர்ட் தடுத்தபோதுதான் பலருக்கு அந்தப் பணத்தில்தான் லேபுக்குக் கரண்ட்டும் விலங்குக் கூடமும் நம் போன்றவர்கள் சம்பளமும் ஓடுகிறது என்று உறைத்தது. சரி, விடுங்கள்.

30,000 டாலரும் அதற்கு மேலும் உள்ள சப்அவார்டை, கையெழுத்தான மாதத்துக்கு அடுத்த மாத முடிவுக்குள் அமெரிக்க அரசின் சாம்.கவ் தளத்தில் பதிய வேண்டும். எஃப்எஸ்ஆர்எஸ் என்ற பழைய தளம் 2025 மார்ச்சில் மூடப்பட்டது, பழைய கையேட்டில் அந்த லிங்க் இருந்தால் அடித்துவிடுங்கள். உங்கள் பிரைம் அவார்டு (அரசிடமிருந்து உங்களுக்கு வந்த மூல அவார்டு) கிராண்ட் இல்லாமல் ஃபெடரல் கான்ட்ராக்டாக இருந்தால் மேலே சொன்ன பாதி பொருந்தாது. அங்கே ஃபார் (அரசுக் கொள்முதல்) விதிகள், அதில் எந்த க்ளாஸ் (ஷரத்து) சப்புக்கும் பொருந்தும் என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். எஃப்டிபி டெம்ப்ளேட்டை (கிராண்ட் சப்அவார்டுக்குப் பல பல்கலைக்கழகங்கள் பயன்படுத்தும் மாதிரி ஒப்பந்தத்தை) எடுத்து அதில் ஒட்டாதீர்கள்.

கடைசி இன்வாய்ஸ் விஷயம் மட்டும் பாக்கி. விதிப்படி, அவார்டு காலம் முடிந்த பிறகு கணக்கை முடிக்க சப்புக்கு 90 நாள், பிரைமுக்கு (உங்களுக்கு) 120 நாள். பல ஒப்பந்தங்களில் 60 நாள் என்று சுருக்கியிருப்பார்கள், அதுதான் நல்லது. இன்வாய்ஸில் "ஃபைனல்" என்ற வார்த்தை இல்லாமல் வந்தால் ஏற்காதீர்கள். அது இல்லாமல் பணம் கொடுத்து, பிஓவை (பர்ச்சேஸ் ஆர்டரை) மூடி, உங்கள் இறுதி நிதி அறிக்கையையும் அனுப்பிவிட்ட பிறகு, நாலாவது மாதம் 2,300 டாலருக்கு இன்னொரு இன்வாய்ஸ் வரும்.