ஸ்பிதிக்குப் போக சிம்லா வழியா, மணாலி வழியா?

கேள்வி: ஜூன் கடைசியில் பெற்றோருடன் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போகிறோம். அப்பாவுக்கு 63 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். சண்டிகரிலிருந்து 9 நாள் இருக்கிறது. மணாலியிலிருந்து ஒரே நாளில் ஸ்பிதியின் முக்கிய ஊரான காசா போய்விடலாம் என்கிறார் டிராவல்ஸ்காரர். சரிதானா? - மதுரை வாசகி

பதில்: சாலைக்கணக்கு சரி, உடம்புக்கணக்கு தப்பு. மணாலி கிட்டத்தட்ட நம் ஊட்டி உயரம், சுமார் 2,050 மீட்டர். காலையில் அங்கே கிளம்பினால் 4,500 மீட்டரைத் தாண்டிய குன்ஸும் கணவாயை ஏறி இறங்கி, இரவு 3,650 மீட்டருக்கு மேலிருக்கும் காசாவில் படுக்க வேண்டும். காற்றழுத்தம் அங்கே கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். கடையில் தொங்கும் சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பியிருக்கும். குக்கர் இல்லாமல் அரிசி லேசில் வேகாது. நுரையீரல் மட்டும் ஒரே நாளில் பழகிவிடுமா?

அதனால் சிம்லா வழியாக ஏறுங்கள், மணாலி வழியாக இறங்குங்கள். முதல் இரவு நார்கண்டா. அடுத்த இரண்டு இரவு கின்னௌரில் கல்பா. 2,960 மீட்டர், எதிரே கின்னர் கைலாஷ் மலை. அங்கே ஒரு நாள் சும்மா இருப்பதை வீண் என்று நினைக்காதீர்கள், பயணத்தின் முக்கியமான நாளே அதுதான். நான்காம் இரவு தாபோ, 3,280 மீட்டர். அப்புறம்தான் காசா, மூன்று இரவு.

தாபோ மடாலயத்தை வேனில் இருந்தபடி பார்த்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் மண்சுவர்தான். கி.பி. 996-இல் கட்டியது. உள்ளே நுழைந்து கண் இருட்டுக்குப் பழகட்டும். சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே வரிசையாகச் சுதைச் சிற்பங்கள், சுற்றிலும் ஓவியங்கள். படம் எடுக்க விடமாட்டார்கள், அதுவும் நல்லதுதான்.

காசாவிலிருந்து கீ மடாலயம், லாங்ஸா, ஹிக்கிம் தபால் நிலையம் எல்லாம் பகலில் போய்த் திரும்பலாம். ஹிக்கிம் 4,400 மீட்டர். அஞ்சலட்டை போட்டுவிட்டு இறங்கிவிடுங்கள். சந்திரதால் ஏரிக்கரைக் கூடாரத்தில் இரவு தங்கும் யோசனை இருந்தால், அப்பாவுக்காக விட்டுவிடுங்கள். 4,200 மீட்டருக்கு மேலே, பக்கத்தில் ஆஸ்பத்திரி கிடையாது.

கிளம்பும் முன் அப்பா தன் டாக்டரைப் பார்க்கட்டும். மலைநோய்க்கான அசிட்டசோலமைடு மாத்திரை அவருக்கு ஒத்துக்கொள்ளுமா என்று கேளுங்கள். சல்ஃபா வகை மருந்து அலர்ஜி இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். தலைவலி, குமட்டல், பசியின்மை வந்தால் மேலே ஏறாமல் அங்கேயே ஓய்வு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆக்சிஜன் இருந்தால் கொடுத்துக்கொண்டே அப்போதே கீழே இறக்க வேண்டும்.

இந்தியர்களுக்கு பர்மிட் தேவையில்லை. ரொக்கம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் நாள் காசாவிலிருந்து விடியற்காலை 5 மணிக்கே வண்டியை எடுக்கச் சொல்லுங்கள். வெயில் ஏற ஏறப் பனி உருகி, குன்ஸும் தாண்டி வரும் பாதல் என்ற இடத்துக்கு அப்புறம் சாலையைக் குறுக்கிடும் ஓடைகளில் மதியத்துக்கு மேல் தண்ணீர் கூடிவிடும். கணவாய் திறந்திருக்கிறதா என்று முந்தின நாளே காசாவில் விசாரியுங்கள். குன்ஸும் மூடியிருந்தால் வந்த வழியேதான் திரும்ப வேண்டும், ஒன்றிரண்டு நாள் கூடும். ஊர் திரும்பும் டிக்கெட்டை அதற்கேற்ப போடுங்கள்.