லைக்கன்களில் உள்ள வேதிப்பொருட்கள் மருந்தாகப் பயன்படுமா?

பயன்படும், ஆனால் பறித்துக் கஷாயம் போடும் அளவுக்கு இல்லை. லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். பல வகைகள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். வெயிலையும் நுண்ணுயிரிகளையும் சமாளிக்க அவை உருவாக்கும் சேர்மங்களில் 1000-க்கும் மேற்பட்டவை அறியப்பட்டுள்ளன.

அதிகம் ஆராயப்பட்டது அஸ்னிக் அமிலம். மரக்கிளையில் தாடிபோல் தொங்கும் அஸ்னியா என்ற லைக்கனின் ஈர இழை ஒன்றை மெல்ல இழுத்துப் பாருங்கள்: வெளித்தோல் விரிசல் விட்டு, உள்ளே ரப்பர்போல் நீளும் வெள்ளை நரம்பு தெரியும். அந்தத் தோலின் மஞ்சள் கலந்த பச்சைக்குக் காரணம் இந்த அமிலம்தான். 1844-லேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களை ஆய்வகத்தில் நன்றாகவே தடுக்கிறது.

சரி, பிறகு ஏன் உள்ளுக்குச் சாப்பிடும் மருந்தாக வரவில்லை? செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் உற்பத்தியை அது குலைக்கிறது. அடி விழுவது கல்லீரலுக்கு. இதைச் சேர்த்து விற்ற ஓர் எடைக்குறைப்பு மாத்திரையைச் சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதித்து, 2001-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. இயற்கைப் பொருள்தானே என்று தயவுசெய்து யாரும் விழுங்கிவிடாதீர்கள்.

ஐஸ்லாந்துப் பாசி என்ற லைக்கனின் கதை வேறு. அதிலுள்ள லைக்கெனின் போன்ற பாலிசாக்கரைடுகள் (நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள்) தண்ணீரில் வழவழப்பாகி, வறண்ட தொண்டையில் படலமாகப் படியும். ஐரோப்பாவில் வறட்டு இருமலுக்கு அதன் சப்பு மாத்திரைகள் இன்றும் விற்கின்றன.