கியர் விழவில்லை என்றதும் பாக்ஸை இறக்காதீர்கள்

வயதான கார்களின் கியர் பாக்ஸ் பற்றி வந்த கேள்விகளுக்கு, வியாசர்பாடியில் பட்டறை வைத்திருக்கும் நான் தெரிந்த வரையில் பதில் சொல்கிறேன். ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்கள் மன்னிக்கவும், அது என் ஏரியா இல்லை.

கொளத்தூர்: 2004 மாருதி 800. ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று கடிக்கிறது. முதல் கியரும் இரண்டாவதும் அடம் பிடிக்கின்றன. பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். இறக்கலாமா அண்ணே?

கொஞ்சம் பொறுங்கள் தம்பி. ஒரே ஒரு கியர் மட்டும் கடித்தால் பாக்ஸுக்குள் கோளாறு. ரிவர்ஸோடு சேர்ந்து எல்லாமே கடித்தால் முதல் சந்தேகம் கிளட்ச் மேல்தான். எஞ்சினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். அணைத்திருக்கும்போது வெண்ணெயாக விழுந்து, ஸ்டார்ட் செய்ததும் முரண்டு பிடித்தால், பெடலை மிதித்தும் கிளட்ச் பிளேட் எஞ்சினை முழுசாக விடவில்லை என்று பொருள். உங்கள் வண்டியில் கிளட்சுக்குக் கேபிள்தான். அட்ஜஸ்ட் செய்து பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கேபிளையே மாற்றுங்கள். நம் பக்கத்து உப்புக் காற்றில் கேபிளும், அது இழுத்துக் கிளட்சை விடுவிக்கிற ரிலீஸ் ஃபோர்க் ஷாஃப்டும் துருப்பிடித்து இறுகிப்போவது சாதாரணம்.

ரிவர்ஸுக்கு மட்டும் ஒரு வார்த்தை: பெரும்பாலான பழைய வண்டிகளில் அதற்குச் சிங்க்ரோ (சுற்றுகிற வேகத்தைச் சமன் செய்து கியரைக் கடிக்காமல் கோக்கிற அமைப்பு) கிடையாது. வண்டி சுத்தமாக நின்ற பிறகு, கிளட்சை மிதித்து நாலைந்து விநாடி விட்டுப் போடுங்கள்.

தண்டையார்பேட்டை: மாருதி ஜென். நியூட்ரலில் நிற்கும்போது உர்ரென்று ஒரு சத்தம். கிளட்சை மிதித்தால் நின்றுவிடுகிறது.

எஞ்சின் சுற்றைப் பாக்ஸுக்குள் கொண்டுவருகிற இன்புட் ஷாஃப்டின் பேரிங். மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால், கிளட்சை அழுத்தி விடுவிக்கிற ரிலீஸ் பேரிங். கிளட்ச் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஒன்றே, வேகத்தோடு ஏறி இறங்குகிறது என்றால் டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரத்துக்கும் சுற்றைப் பிரித்துத் தருகிற கியர்கள்) பக்கமோ வீல் பேரிங்கோ. வீல் பேரிங்கை முதலில் பார்த்துவிடுங்கள், அதுதான் சின்ன வேலை.

ராயபுரம்: கியர் லீவர் குழம்புச் சட்டியில் கரண்டி மாதிரி ஆடுகிறது. எது மூன்று, எது ஐந்து என்றே தெரியவில்லை.

லீவரைப் பாக்ஸோடு இணைக்கிற லிங்கேஜின் மூட்டில் இருக்கும் புஷ் தேய்ந்திருக்கும். சின்ன பாகம்தான். பாக்ஸைத் தொடவே வேண்டாம்.

பெரம்பூர்: 800 தான். மூன்றாவது கியர் ஆக்சிலேட்டரை விட்டதும் தானாகக் கழன்றுகொள்கிறது, இரண்டாவதுக்கு இறக்கும்போது கடிக்கிறது. பிரித்துச் சரிசெய்வதா, புதுப்பேட்டையில் பழைய பாக்ஸ் வாங்கி மாட்டுவதா?

இந்தக் கேள்வியைப் பல பேர் கேட்டிருக்கிறார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

கியர் கழன்றுகொள்வதற்கு முதல் காரணம் வெளியிலேயே இருக்கலாம். எஞ்சினைத் தாங்குகிற ரப்பர் மவுண்ட் கிழிந்திருந்தால், ஆக்சிலேட்டரை விட்டதும் எஞ்சின் ஒரு பக்கம் சாய்ந்து லிங்கேஜை இழுத்துவிடும். மவுண்ட் நன்றாக இருந்தால் அடுத்து ஆயிலைப் பாருங்கள். வடிக்கிற போல்ட்டைத் தொடும் முன் ஊற்றுகிற போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். அது துருப்பிடித்துச் சுற்றாமல் போனால், ஆயிலை வடித்துவிட்டு வெறும் பாக்ஸோடு நிற்க வேண்டிவரும்.

வடித்த ஆயிலை வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். வடிகால் போல்ட்டில் காந்தம் இருந்தால் சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டியிருக்கும், அது வழக்கமான தேய்மானம். தங்கப் பொடி மாதிரி மினுமினுத்தால் பித்தளை, அதாவது சிங்க்ரோ ரிங் கரைகிறது. விரல் நுனியில் குத்துகிற இரும்புச் சில்லு வந்தால் பல் உடைந்திருக்கிறது, அல்லது பேரிங் உதிர்கிறது. பொடி மட்டும் என்றால் பிரித்துச் சரிசெய்வதே நல்லது. சில்லு என்றால் பழைய பாக்ஸைத் தேடுங்கள். 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது. ரிங், பேரிங், சீல் இன்னும் கிடைக்கின்றன, நல்ல கியர் செட்டுக்குத்தான் அலைய வேண்டும்.

பிரித்தால் அரைகுறையாக மூடாதீர்கள். சிங்க்ரோ ரிங்கைக் கியரின் கோன் (கூம்புப் பகுதி) மேல் அழுத்தி, ரிங்குக்கும் கியர் பல்லுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். புதிதில் சுமார் 1 மில்லிமீட்டர் இருக்கும், அரை மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் ரிங் முடிந்தது. உங்கள் மூன்றாவது கியருக்கு ரிங் மட்டும் போதாது. கியரைக் கோத்துப் பிடிக்கிற ஸ்லீவின் பல் முனை மழுங்கியிருக்கிறதா, அதைத் தள்ளுகிற ஃபோர்க் தேய்ந்திருக்கிறதா, கியர் மாற்றுகிற ஷாஃப்டைப் பிடிக்கிற குண்டும் ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கின்றனவா, மூன்றையும் பார்க்க வேண்டும். பேரிங்கை வளையத்தில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு போய்ப் பாரிமுனைப் பக்கம் கேட்டு வாங்கலாம். இறக்கி ஏற்றுகிற கூலிதான் பெரிய செலவு. அதனால் ரிலீஸ் பேரிங், ஆயில் சீல்கள், தேய்ந்திருந்தால் கிளட்ச் பிளேட், எல்லாம் அதே இறக்கத்தில் முடிந்துவிட வேண்டும். நானூறு ரூபாய் சீலை மிச்சம் பிடித்து மறுபடி கூலி கொடுத்தவர்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள்.

பழையதுதான் என்று முடிவு செய்தால், கடையில் நின்றே இன்புட் ஷாஃப்டைக் கையால் சுற்றி ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். ஷாஃப்டை மேலும் கீழும் ஆட்டுங்கள். கேஸில் விரிசல், வெல்டிங் தடம் தேடுங்கள், மவுண்ட் காதுகளை முக்கியமாக. பளபளவென்று பெயின்ட் அடித்து வைத்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும், எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கிற பாக்ஸே மேல். மாட்டிப் பார்த்துச் சரியில்லை என்றால் திருப்பித் தரலாம் என்பதை வாய்ப்பேச்சாக விடாமல் பில்லில் எழுதி வாங்குங்கள்.

கொருக்குப்பேட்டை: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வண்டி தண்ணீரில் நின்றது. எஞ்சின் வேலை பார்த்து ஓட்டுகிறேன். இப்போது பாக்ஸில் இரைச்சல்.

எஞ்சின் ஆயிலை மாற்றியவர்கள் பாக்ஸை மறந்திருப்பார்கள். பாக்ஸ் மூச்சு விடுகிற துவாரம் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். ஆயில் வெளுத்து, பால் கலந்த மாதிரி வந்தால் அதேதான். உடனே மாற்றியிருந்தால் தப்பியிருக்கும்: மலிவான ஆயில் ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டி வடித்து, பிறகு நல்ல ஆயில். இப்போது இரைச்சலே வந்துவிட்டதால், ஈரத்தில் நின்ற பேரிங்கில் துருக்குழி விழுந்திருக்கும். குழி விழுந்த பேரிங்கை எந்த ஆயிலும் சரிசெய்யாது, பாக்ஸைப் பிரிக்கத்தான் வேண்டும்.

கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறக்கிவிட்டு வருகிறவர்களுக்கும் இதே பதில். அடுத்த நாளே ஆயிலைப் பாருங்கள்.

மாதவரம்: கடைக்காரர் ஜிஎல்-5 ரக கியர் ஆயில்தான் உசத்தி என்கிறார். ஊற்றலாமா?

உங்கள் கையேடு ஜிஎல்-4 என்று சொன்னால் ஜிஎல்-4 தான். ஐந்தில் இருக்கும் கந்தகச் சேர்மானம் பின் ஆக்சில் கியர்களுக்கு நல்லது, பித்தளை ரிங்குக்கு ஆகாது. ரிங் வழுக்கினால் கியர் இன்னும் கடிக்கும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஊற்றுகிற ஓட்டையில் வழிகிற வரை ஊற்றினால் அளவு சரி.

எண்ணூர்: ஓம்னி பாக்ஸ் ஒன்று சும்மா கிடக்கிறது. 800-க்குப் போடலாமா?

முடியாது. ஓம்னி பின் சக்கரத்தில் ஓடுகிற வண்டி, 800 முன் சக்கரத்தில். பாக்ஸே வேறு அமைப்பு.

பழைய வண்ணாரப்பேட்டை: அப்பாவின் அம்பாசடர், பழைய பெட்ரோல் மாடல், நாலு கியர். வண்டி உருளும்போது முதல் கியர் போட்டால் கடிக்கிறது சார்.

அந்தப் பாக்ஸில் முதல் கியருக்குச் சிங்க்ரோ கிடையாது. அப்பாவிடம் கேளுங்கள், வண்டி நின்ற பிறகுதான் போட்டிருப்பார்.

மூலக்கடை: பாக்ஸ் மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டுமா?

ஆர்.சி.யில் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும்தான் இருக்கும். அதே ரக பாக்ஸ் என்றால் பதிய ஒன்றும் இல்லை. ஆனால் ஸ்பீடாமீட்டர் கியரின் பல் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பாருங்கள், மாறினால் வேகம் தப்பாகக் காட்டும்.

திருவொற்றியூர்: போன வாரம் ரிங் மாற்றி ஏற்றினோம். கியர் இறுக்கமாக விழுகிறது. தப்பு நடந்துவிட்டதா?

கடிக்காமல், இறுக்கமாக மட்டும் இருந்தால் பயம் வேண்டாம். புது ரிங் கோனோடு பழகக் கொஞ்சம் ஓட வேண்டும். முரட்டுத்தனமாகத் தள்ளாதீர்கள். ஆயிரம் கிலோமீட்டரில் ஆயிலை ஒரு தடவை மாற்றுங்கள். அப்போதும் இறுக்கம் குறையவில்லை என்றால், வேலை பார்த்தவரிடமே வண்டியைக் கொண்டுபோய் லிங்கேஜ் அட்ஜஸ்ட்மென்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.